ரயில் வராத தண்டவாளம்

அன்புள்ள மகன் டெரிக்குக்கு,

நானும் உன் அப்பாவும் இங்கே சுகம்தான், அவருடைய முழங்கால் மட்டும் எங்களோடு சேராமல் தனியாக நோகிறது. நீயும் கிளேரும் குட்டி ஐவியும் அந்த அரிசோனா வெயிலில் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறீர்கள் என்று நம்பித்தான் பேனாவை எடுத்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை நீ போனில் கேட்டதற்குப் பதில் சொல்லாமல், அடுப்பில் உருளைக்கிழங்கு ரொட்டி கருகுகிறது என்று சொல்லி வைத்துவிட்டேன். ரொட்டி ஒன்றும் கருகவில்லை. போனில் சொல்ல ஆரம்பித்தால் பாதியில் நீ புகுந்து, போதும்மா, அந்த பஸ் வேலையை விடு என்பாய், பிறகு நான் சொல்ல வந்தது தொண்டையிலேயே நின்றுவிடும். கடிதத்துக்குள் யாரும் குறுக்கே புக முடியாது. அதனால் உட்கார்ந்து முழுக்கப் படி, நடுவில் எழுந்து போகாதே.

முதலில் ஊர்ச் செய்தி. இந்த வருடம் மழை விட்டபாடில்லை, வயலில் கால் வைத்தால் பூட்ஸ் அங்கேயே தங்கிவிடுகிறது, அக்டோபரிலேயே முடிய வேண்டிய சர்க்கரை பீட் கிழங்கு அறுவடை நவம்பருக்குள் இழுத்துக்கொண்டு வந்துவிட்டது. ராத்திரி பகல் பார்க்காமல் லாரிகள் ஓடுகின்றன, சக்கரத்தில் ஒட்டிய களிமண்ணெல்லாம் ரோட்டில் விழுந்து, தார் ரோடு எது வயல் எது என்று தெரியவில்லை. மான் வேட்டைக்காரர்களும் ஆரஞ்சுச் சட்டை போட்டுக்கொண்டு வந்து இறங்கிவிட்டார்கள், பெட்ரோல் பங்கில் காப்பிக்கு வரிசை நிற்கிறது. உன் அப்பா முழங்காலைச் சாக்கு வைத்து இந்த வருடம் லாரி ஓட்டப் போகவில்லை, ஆனால் பள்ளி நிர்வாகக் குழுவில் ஓர் உறுப்பினராக உட்கார்ந்த நாளிலிருந்து மாவட்டம் முழுவதையும் அவர்தான் ஓட்டுகிற மாதிரி பேச்சு. உன்னோடு படித்த கெண்ட்ரா ஞாபகம் இருக்கிறதா, தபால் நிலையத்துக்குப் பின்வீட்டுக்காரி. அவள்தான் இப்போது அறுவடைக்கு லாரி ஓட்டுகிறாள். அவளுடைய சின்னப் பையன் வெஸ்லி இந்த வருடம்தான் பாலர் வகுப்பில் சேர்ந்தான், என் பஸ்ஸில்தான் வருகிறான். தொப்பி தலையைவிடப் பெரிது, கண்ணாடியில் பார்த்தால் தொப்பி மட்டும் தனியாக உட்கார்ந்து வருகிற மாதிரி இருக்கும்.

நீ கேட்டாய், ஊரே இரண்டுபட்டுப் போச்சாமே, நீயும் அப்பாவும் எல்லார் முன்னாடியும் சண்டை போட்டீங்களாமே என்று. யார் சொன்னார்களோ, பாதி சரி. தானியக் கிடங்குக்குப் பக்கத்தில் ரோட்டைக் கடக்கிற பழைய தண்டவாளம் இருக்கிறதே, சண்டை அதைப் பற்றித்தான். நீ ஒன்பதாம் வகுப்பில் இருந்தபோதே அதில் ரயில் நின்றுபோய்விட்டது. இப்போது கட்டைகளுக்கு நடுவே என் உயரத்துக்குப் பாப்லர் கன்றுகள் நிற்கின்றன. ஆனால் பள்ளி பஸ்ஸுக்குச் சட்டம் சட்டம்தான். தண்டவாளம் என்று ஒன்று இருந்தால் அதற்கு முன்னால் நிறுத்த வேண்டும், காற்றாடியையும் ரேடியோவையும் அணைக்க வேண்டும், பக்கத்து ஜன்னலையும் கதவையும் திறந்து, இரண்டு பக்கமும் பார்த்து, காது கொடுத்துக் கேட்டு, பிறகுதான் நகர வேண்டும். நான் கத்துவதில்லை. வலது கையைத் தூக்குவேன், கண்ணாடியில் அதைப் பார்த்ததும் பிள்ளைகளும் கையைத் தூக்கி வாயை மூடிக்கொள்வார்கள், நான் கையை இறக்கிய பிறகுதான் மறுபடி சத்தம். கதவு திறந்ததும் உள்ளே வருகிற குளிர் இருக்கிறதே, அதற்குப் பெரிய பையன்கள் முனகுவார்கள். முனகட்டும் என்று விட்டுவிடுவேன்.

உன் அப்பாவுக்கு இது பெரிய வேடிக்கை. சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்தால், அந்த மரமெல்லாம் எப்போது கிளம்புகிறது என்று கேட்டாயா மார்லிஸ், எந்த ஊருக்குப் போகிறதாம் என்று ஆரம்பித்துவிடுவார். நானும் விடமாட்டேன், உங்கள் முழங்காலைவிடச் சீக்கிரம் கிளம்பும் என்பேன். அதுவரை எல்லாம் சிரிப்பாகத்தான் இருந்தது. அக்டோபர் கடைசியில் ஒரு நாள் காலை நான் வழக்கம்போல அங்கே நிறுத்தியபோது பின்னால் கிழங்கு ஏற்றிக்கொண்டு வந்த லாரி சேற்றில் பிடிக்காமல் வழுக்கி, என் பஸ்ஸுக்கு ஒரு கார் நீளம் இருக்கும்போது பள்ளத்துப் பக்கம் திரும்பிச் சாய்ந்து நின்றது. ஓட்டியது கெண்ட்ரா. இறங்கி வந்து என் ஜன்னலுக்குக் கீழே நின்று, மரத்துக்கா நிறுத்துகிறீர்கள் என்று கத்தினாள், அவளுக்கு முகமெல்லாம் வெளுத்துப் போயிருந்தது. நானும் சும்மா இருக்கவில்லை, நீ தூரம் விட்டு ஓட்டக் கற்றுக்கொள் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். அந்த வாரமே லாரிக்காரர்கள் எல்லோரும் சேர்ந்து நிர்வாகக் குழுவிடம் போனார்கள். அங்கே விலக்குப் பலகை வைக்கச் சொல்லி, ரோட்டைப் பார்த்துக்கொள்கிற கவுண்டி ஆபீசுக்கு எழுதுங்கள், அந்தப் பலகை இருந்தால் பஸ் நிற்க வேண்டியதில்லை என்று கேட்டார்கள். ரயில் கம்பெனியும் இனி வண்டி விடுகிற உத்தேசம் இல்லை என்று சொல்லிவிட்டதாம். உன் அப்பா தலையை ஆட்டிக்கொண்டே வீட்டுக்கு வந்தார், அவர்கள் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது என்றார். எனக்கு வந்ததே கோபம். இத்தனை வருடமாக ஒரு பிள்ளைக்கு நகக்கீறல் இல்லாமல் கொண்டுபோய்ச் சேர்த்தவளுக்கு லாரிக்காரர்கள் பாடம் சொல்லித் தருவதா. நான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்று நின்றேன். அன்றிலிருந்து உன் அப்பா தன் காப்பியைத் தானே போட்டுக்கொண்டார்.

ஹாலோவீனுக்கு மறுநாள் வந்தது. அன்றைக்குப் பிள்ளைகள் எப்படி இருப்பார்கள் என்று உனக்குத் தெரியாதா, ராத்திரி வீடு வீடாகப் போய் வாங்கின மிட்டாயில் பாதி வயிற்றில், மீதி சட்டைப்பையில். பஸ்ஸுக்குள் எதையும் வாயில் போடக் கூடாது என்பது சட்டம், ஏறும்போதே ஒவ்வொருவரையும் பையின் ஜிப்பைப் போடச் சொல்லித்தான் ஏற்றினேன். ஆனால் மூன்றாம் வகுப்புப் பையன் ஒருவன் தன்னிடம் இருந்த உருண்டை மிட்டாயை வெஸ்லிக்குக் கொடுத்திருக்கிறான், பாவம், அன்பால்தான் கொடுத்தான். வெஸ்லி மூன்றாவது வரிசை ஜன்னல் ஓரம். சோளப்பொரி பாத்திரம் மாதிரி பஸ் முழுக்க வெடித்துக்கொண்டிருந்தது, அந்தச் சத்தத்தில் பக்கத்தில் இடி விழுந்தாலும் கேட்டிருக்காது. தண்டவாளத்துக்கு வந்தேன், நிறுத்தினேன், எல்லாவற்றையும் அணைத்தேன், கதவைத் திறந்தேன், கையைத் தூக்கினேன். சத்தம் அடங்கியது. காற்றுதான் கேட்டது. பிறகு, தகரத்தில் ஷூ இடிக்கிற மாதிரி டொக், டொக் என்று ஒரு சத்தம். யாரோ குறும்பு பண்ணுகிறார்கள் என்றுதான் நினைத்தேன், யாருடா அது காலை ஆட்டுவது என்று அதட்டினேன். யாரும் சிரிக்கவில்லை. கண்ணாடியில் பார்த்தேன், எல்லாக் கையும் மேலே இருந்தது, தொப்பியை மட்டும் காணோம். டொக் சத்தம் மெதுவாகிக்கொண்டே வந்தது.

பிரேக்கைப் பூட்டி, விளக்குகளை மினுங்கவிட்டு, சாவியை எடுத்துப் பைக்குள் போட்டுக்கொண்டு ஓடினேன். இருக்கைக்கும் பஸ்ஸின் பக்கத்துத் தகரத்துக்கும் நடுவே சரிந்து கிடந்தான். பக்கத்தில் இருந்த சிறுமி கையைத் தூக்கியபடி சமர்த்தாக முன்னால் பார்த்துக்கொண்டிருந்தாள், அவள் மேல் தப்பில்லை, அடைத்துக்கொண்ட பிள்ளைக்குக் குரல் வராது, இருமலும் வராது. முகம் நீலம் பாரித்துவிட்டது. தூக்கி என் கையில் குப்புறச் சாய்த்து முதுகில் தட்டினேன், வரவில்லை. திருப்பி நிறுத்தி, பின்னாலிருந்து வயிற்றைக் கட்டி மேல்நோக்கி அமுக்கினேன், வரவில்லை. மறுபடி தட்டினேன், மறுபடி அமுக்கினேன். ஒவ்வொரு ஆகஸ்டிலும் பயிற்சி வகுப்பில் பொம்மையை வைத்துச் செய்யச் சொல்லும்போது நாங்கள் டிரைவர்கள் சிரிப்போம், டெரிக். கடைசியில் அந்த மிட்டாய் பறந்து போய் முன்னிருக்கையில் பட்டது. உடனே அவன் வீறிட்டு அழுதான், அழு ராஜா, நன்றாக அழு என்று நானும் அவனோடு தரையில் உட்கார்ந்துவிட்டேன். நிமிர்ந்து பார்த்தால் மற்ற பிள்ளைகள் அத்தனை பேரும் இன்னும் கையைத் தூக்கி வாயை மூடியபடியே இருக்கிறார்கள், நான் இறக்கச் சொல்லவில்லையே. வயர்லெஸ்ஸில் சொன்னேன், ஆம்புலன்ஸ் வந்தது, டாக்டர் பார்த்து ஒன்றுமில்லை என்று சாயந்திரமே வீட்டுக்கு அனுப்பிவிட்டார்.

அதன் பிறகு ஊர் என்னைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டது. சர்ச்சில் எழுந்து நிற்கச் சொன்னார்கள், மளிகைக் கடையில் பணம் வாங்க மாட்டேன் என்றார்கள், உன் அப்பாகூட இரண்டு நாள் மரத்தைப் பற்றி வாயே திறக்கவில்லை. எனக்கும் கொஞ்சம் தலைக்கு ஏறித்தான் இருந்தது, ஏன் பொய் சொல்ல வேண்டும். இனி அந்தப் பலகையைப் பற்றி யார் பேசுகிறார்கள் பார்ப்போம் என்று நினைத்துக்கொண்டுதான் திங்கட்கிழமை கூட்டத்துக்கு அந்த நீல ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு போனேன். பள்ளிச் சாப்பாட்டுக் கூடம் நிறைந்துவிட்டது, சுவரோரம் நின்றார்கள். உன் அப்பா மேசைக்குப் பின்னால் தன் பெயர் எழுதிய அட்டையை வைத்துக்கொண்டு என்னைப் பார்க்காமல் உட்கார்ந்திருந்தார். குழுத் தலைவர், மார்லிஸ் செய்தது பெரிய காரியம், ஆனால் அன்றைக்கும் ரயில் வரவில்லையே என்று மெதுவாக இழுத்தார். நான் எழுந்தேன். "ரயில் வரலைதான். வராதுன்னு எனக்கும் தெரியும். நான் நிறுத்தறது ரயிலுக்காக இல்ல, காது கொடுத்துக் கேக்கறதுக்காக. நாள் பூரா அந்த பஸ்ஸுல கேக்க முடியற இடம் அது ஒண்ணுதான்" என்றேன். கைதட்டினார்கள். பின்னால் சிலர் எழுந்துகூட நின்றார்கள். முடிந்தது விஷயம் என்று உட்கார்ந்தேன்.

அப்போதுதான் கெண்ட்ரா எழுந்தாள். வயலிலிருந்து நேராக வந்திருக்கிறாள், முழங்கால்வரை சேறு. என்னைப் பார்த்துத்தான் பேசினாள். "மார்லிஸ் அம்மா, எம்புள்ள இன்னிக்கு மூச்சு விடறான்னா அது உங்களாலதான். சாகிற வரைக்கும் மறக்கமாட்டேன். ஆனா அன்னிக்கு சேத்துல வழுக்கினது நான், ஸ்டியரிங் என் கையில இருந்தது. பிரேக்க மிதிக்கறேன், வண்டி நிக்கல. கண்ணு முன்னால மஞ்ச பஸ்ஸு, அதுக்குள்ள என் வெஸ்லி. தூரம் விட்டுத்தான் ஓட்டினேன் அம்மா. அந்தச் சேத்துக்குத் தூரமெல்லாம் பத்தாது. பலகைய வையுங்க." அவ்வளவுதான் சொன்னாள், உட்கார்ந்துவிட்டாள். யாரும் கைதட்டவில்லை.

எனக்கு முதலில் என்ன தோன்றியது என்று உன்னிடம் சொன்னால் என்ன. நன்றி கெட்டவள் என்று தோன்றியது. பிள்ளையைக் காப்பாற்றிக் கொடுத்தவளுக்கு ஊர் நடுவே இதுதான் மரியாதையா என்று பல்லைக் கடித்தேன். ஆனால் அவள் பூட்ஸிலிருந்து உதிர்ந்து தரையில் கிடந்த சேற்றைப் பார்த்தேன். அதைப் பார்த்ததும் வேறொன்று நினைவு வந்தது. வெஸ்லியை வைத்துக்கொண்டு தரையில் இருந்தபோது, பின்கண்ணாடி வழியாக லாரி விளக்குகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து நின்றதும், அதில் ஒன்று பக்கவாட்டில் வழுக்கி நின்றதும் என் கண்ணில் பட்டிருந்தது. அப்போது அது மூளைக்குப் போகவில்லை. சாவி என் பைக்குள், பிள்ளைகள் எல்லோரும் உள்ளே, அந்த லாரி நின்றிருக்காவிட்டால் ஒரு பிள்ளையைக் காப்பாற்றிவிட்டு மிச்சப் பிள்ளைகளைப் பறிகொடுத்திருப்பேன். கண் முன்னால் இருந்ததை, ஊர் தட்டிய கைதட்டலில் பார்க்காமல் விட்டிருக்கிறேன்.

மறுபடி எழுந்து இன்னொரு முறை பேச அனுமதி கேட்டேன். உன் அப்பா முகத்தைப் பார்க்க வேண்டுமே, இவள் இன்னும் என்ன வெடி வைத்திருக்கிறாளோ என்று கண்ணை மூடிக்கொண்டார். கெண்ட்ரா சொல்கிறபடி பலகையை வையுங்கள் என்றேன். ஒன்றே ஒன்று, பாலர் வகுப்புப் பிள்ளைகளை மூன்றாவது வரிசைக்கு அனுப்பாமல் என் முதுகுக்குப் பின்னாலேயே உட்கார வைக்க வேண்டும், பெரிய பையன்களின் பெற்றோர் முன்னிருக்கை கேட்டு வரக் கூடாது என்றேன். எல்லோரும் கையைத் தூக்கி ஒரே மனதாக முடித்துவிட்டார்கள். வெளியே வந்ததும் கெண்ட்ரா சேற்றோடு என்னைக் கட்டிக்கொண்டாள், நீல ஸ்வெட்டர் போச்சு. காரில் வரும்போது உன் அப்பா, நான் உன் பக்கம்தான் ஓட்டுப் போடுவதாக இருந்தேன் என்றார். நியாயம் புரிந்ததாலா என்று கேட்டேன். இல்லை, என் காப்பி எனக்கே குடிக்க முடியவில்லை என்றார். இதுதான் நீ கேள்விப்பட்ட சண்டை. அன்றைக்குச் சாயங்காலமே வீட்டில் காப்பி போட்டாயிற்று.

வேலையை விடச் சொல்கிறாய். பஸ் ஓட்ட உடம்பு தாங்கும் என்று டாக்டர் சான்றிதழ் கொடுக்கிறவரை விடப் போவதில்லை, அதை மறுபடி கேட்காதே. அடுத்த வருடம் ஐவியை பஸ்ஸில் அனுப்பலாமா என்று பயப்படுகிறாயே, தாராளமாக அனுப்பு, ஆனால் வாயில் எதையும் வைத்துக்கொண்டு ஏற விடாதே. சட்டைத் தலைமுக்காட்டில் தொங்குகிற கயிறெல்லாம் உருவிப் போடு, கதவில் மாட்டும். இறங்கும்போது எது கீழே விழுந்தாலும் குனிந்து எடுக்க வேண்டாம், டிரைவரிடம் சொல்லட்டும், குனிந்த பிள்ளை டிரைவர் கண்ணுக்குத் தெரியாது. ரோட்டைக் கடக்க வேண்டுமென்றால் பஸ்ஸுக்கு முன்னால் நன்றாகத் தள்ளி நின்று, டிரைவர் முகம் தனக்குத் தெரிகிறதா என்று பார்த்து, அவர் தலையசைத்த பிறகு நடக்கட்டும். நாலு நாள் நீயும் கூடவே நின்று பழக்கு. டிரைவர் பெயரைத் தெரிந்துகொண்டு குட்மார்னிங் சொல்லச் சொல், நாங்களும் மனிதர்கள்தான்.

பலகை போன புதன்கிழமை வந்துவிட்டது, தரை உறைவதற்குள் நட்டுவிட வேண்டும் என்று கவுண்டி ஆட்கள் அவசரமாக நட்டுவிட்டுப் போனார்கள். வியாழக்கிழமை காலை அந்த வழியாக முதல் தடவை நிற்காமல் போக வேண்டும். ராத்திரியெல்லாம் அதே நினைப்பு. எத்தனை வருடப் பழக்கம், தானியக் கிடங்கு தெரிந்ததும் கால் தானாக பிரேக்குக்குப் போகிறது, அதை இழுத்துப் பிடித்துக்கொண்டேன். பின்னால் வழக்கமான கூச்சல், யாரோ யாருடைய தொப்பியையோ பிடுங்கி எறிகிறார்கள். பின்னாடி லாரி வந்துகொண்டிருந்தது, கண்ணாடியில் தெரிந்தது. சரி, போவோம் என்று வேகத்தை மட்டும் கொஞ்சம் குறைத்தேன். தண்டவாளத்துக்குக் கொஞ்சம் முன்னால் கூச்சல் நின்றுவிட்டது. சட்டென்று, ஒருவர்கூட விடாமல். சக்கரம் தண்டவாளத்தில் ஏறி இறங்குகிற சத்தம் மட்டும் கேட்டது. கண்ணாடியில் பார்த்தேன், எல்லாக் கையும் மேலே இருந்தது, என் முதுகுக்குப் பின்னால் வெஸ்லியுடையதும். நான் கையைத் தூக்கவே இல்லை டெரிக், என் இரண்டு கையும் ஸ்டியரிங்கில்தான் இருந்தன.

நீங்கள் மூன்று பேரும் நோய் நொடியில்லாமல், போகிற இடத்துக்குப் பத்திரமாகப் போய்ப் பத்திரமாக வீடு திரும்ப ஆண்டவர் துணை இருக்கட்டும். ஐவிக்கு என் முத்தம், கிளேருக்கு என் அன்பு. சனிக்கிழமை அப்பாவுக்கு ஒரு போன் போட்டு முழங்காலைப் பற்றி விசாரி, நான் சொல்லித்தான் கேட்கிறாய் என்று காட்டிக்கொள்ளாதே.

எப்போதும் உன் நினைவாகவே இருக்கும்
அம்மா மார்லிஸ்